தாருக்கும் வடிகானுக்கும் இடையில் மூன்று அடி: சைக்கிளில் போகிறவர்களும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து எதைக் கேட்பது?

கல்லடி_ரீச்சர் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகருக்குள் நாள்தோறும் சைக்கிளில் போய்வருகின்ற சிலர் கடந்த சில மாதங்களாக ஒன்றுகூடிப் பேசி வருகிறோம். பிள்ளைகளைச் சைக்கிளில் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர், என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியைகள், கரியரில் பெட்டி கட்டி மீன் விற்கும் ஒருவர், புளியந்தீவில் வேலை பார்க்கும் ஒரு வங்கி உத்தியோகத்தர் என்று பத்துப் பேருக்கு மேல் இல்லை. எங்களுக்குப் பெயர் இல்லை, பதிவு இல்லை, இறப்பர் முத்திரை இல்லை. ஆகவே நாங்கள் கொண்டுபோகும் கடிதத்தை வாங்கி வைப்பவர்கள் அதற்கு மேல் எதையும் செய்வதில்லை. இந்த ஊரில் கண்டல் நடுகிறவர்கள், கடற்கரையில் பிளாஸ்திக் பொறுக்குகிறவர்கள், வாவியில் மண் கொட்டப்பட்டால் முதலில் குரல் கொடுக்கிறவர்கள் என்று சூழல் அமைப்புகள் சில இருக்கின்றன. அவர்களுடன் சேர்ந்து நின்றால் எங்கள் கடிதத்திற்கும் எடை கூடும் என்று நினைக்கிறேன்.

ஆனால் எதைச் சொல்லி அவர்களிடம் போவது? 'சைக்கிளில் புகை இல்லை, ஆகவே எங்களை ஆதரியுங்கள்' என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்களில் எவரும் புகையைக் குறைப்பதற்காகச் சைக்கிள் ஓட்டவில்லை. மோட்டார் சைக்கிள் வாங்கக் கையில் பணம் இல்லாததாலும், பிள்ளைக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயது வராததாலும் ஓட்டுகிறோம்.

போன தவணையில் என் மகள் விழுந்த கதையைச் சொன்னால் எங்கள் கவலை புரியும். கல்முனை வீதியில் பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோண் அடித்தது. பிள்ளை பயந்து இடப்பக்கம் ஒதுங்கினாள். தார் முடிகிற இடத்தில் நாலு விரற்கடை ஆழத்திற்கு மண் இறங்கியிருந்தது. முன்சில்லு அந்தப் பள்ளத்தில் விழுந்தது. பஸ் போனதும் மறுபடி வீதியில் ஏறுவதற்குக் கைப்பிடியைத் திருப்பியிருக்கிறாள். சில்லு ஏறாமல் தார் விளிம்போடு உரசிக்கொண்டே போய், சைக்கிளை வீதிப் பக்கமாகப் புரட்டிவிட்டது. முழங்கைத் தோலும் வெள்ளைச் சட்டையும் போயின. பின்னால் வேறு வாகனம் வராததால் மற்றதெல்லாம் மிஞ்சியது. மறுநாள் நான் அந்த இடத்திற்குப் போய் அடிமட்டம் வைத்துப் பார்த்தேன். ஏதாவது செய்யவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

நாங்கள் எழுதி வைத்திருக்கும் வரைவில் 'கல்லடியிலிருந்து நகர மத்திவரை தனியான சைக்கிள் பாதை' என்பதே முதற் கோரிக்கை. உங்கள் கருத்து என்ன?


ஓய்வுபெற்ற_ரீஓ:

ரீச்சர், பிள்ளை தப்பியது கடவுள் கிருபை. முப்பது ஆண்டுக்கு மேல் வீதி வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (ரீ.ஓ.) இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன், குறைவாக நினைக்கவேண்டாம்.

முதலில், வீதி யாருடையது என்பதை அறியாமல் எழுதும் கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்து கடைசியில் எவருடைய மேசையிலும் இராது. நீங்கள் சொல்லும் வீதி ஏ4. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்பில் வந்து முடிகிற வீதி அது. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. அதற்கு அடுத்த தர வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கும். உள்வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபைக்கோ நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. ஏ4 வீதியில் நகரிலிருந்து ஆரையம்பதிவரை சைக்கிள் மிதித்தால் மாநகர சபை, காத்தான்குடி நகர சபை, மண்முனைப்பற்றுப் பிரதேச சபை என்று மூன்று எல்லைகளைக் கடப்பீர்கள். ஆனால் சில்லின் கீழ் இருக்கும் தார் அந்த மூன்றில் எதற்கும் சொந்தமில்லை.

இரண்டாவது, பிள்ளை விழுந்த காரணம். வீதிக்கு மேல் புதிதாகக் காபெட் போடும் ஒவ்வொரு தடவையும் தாரின் மட்டம் உயர்கிறது. ஓரத்துக் கிறவலையும் அதே மட்டத்திற்கு நிரப்பி இறுக்கிவிட வேண்டும். நிரப்பினாலும் ஒரு மாரியில் அது கரைந்துவிடும். பிறகு எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கார்ச் சில்லுக்கு அந்த இறக்கம் ஒரு குலுக்கல் மட்டும். ஒன்றரை அங்குல ரயருக்கு அது ஒரு சுவர். சுவரோடு சாய்வாக உரசும் சில்லு ஏறாது. கிட்டத்தட்டச் செங்கோணத்தில் திருப்பினால்தான் ஏறும். பின்னால் பஸ் வரும்போது எந்தப் பிள்ளை செங்கோணத்தில் திருப்பும்?

இப்போது அந்தக் கிறவல் எங்கே போனது என்று யோசியுங்கள். பக்கத்து வடிகானுக்குப் போனது. வடிகான் மண்ணால் நிரம்ப, கார்த்திகை மழைக்குத் தண்ணீர் வீதியில் நிற்கிறது. எஞ்சிய மண்ணும் பொலித்தீனும் மதகு வழியாக வாவிக்கு இறங்குகின்றன. உங்கள் மகளைப் புரட்டிய பள்ளமும், சூழல் அமைப்பினர் கவலைப்படும் வாவிச் சேறும் ஒரே மண்தான், ரீச்சர். அவர்களிடம் இதைச் சொல்லிப் போங்கள். தனிப் பாதை என்ற கோரிக்கைக்கு நில அளவை வேண்டும், நிதி ஒதுக்கீடு வேண்டும், கொழும்பு அனுமதி வேண்டும். ஓரத்தை நிரப்புவதும் வடிகான் மூடியைப் போடுவதும் பராமரிப்பு வேலை; இங்கேயே முடியும்.


புளியந்தீவான்:

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் எவ்வளவு காலத்திற்குக் கிறவல் நிரப்பச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே இருப்பது? எனக்கு வயது 24. பெரிய வீதியில் பஸ், லொறி, ஓட்டோ, தரித்து நிற்கும் கார் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டுவதைவிட, வாவி ஓரமாக ஒரு பாதை போட்டால் என்ன? நகரைச் சுற்றித் தண்ணீர்தானே இருக்கிறது. வாவிக்கரை வீதிகளை ஒன்றோடொன்று இணைத்து, இடைவெளிகளில் கொங்கிறீற் பாதை அமைத்து, விளக்குப் போட்டால் பிள்ளைகளும் போவார்கள், மாலையில் குடும்பங்களும் வரும், வெளிநாட்டவர்களும் சைக்கிள் வாடகைக்கு எடுப்பார்கள். சூழல் அமைப்புகளுக்கும் இது பிடிக்கும்தானே.


கண்டற்கரை:

தம்பி, பிடிக்காது. நான் அப்படியான ஓர் அமைப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன், ஆகவே எங்கள் பக்கத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் 'இடைவெளி' என்று எழுதியிருக்கும் இடங்கள் பலவற்றில் கண்டல் நிற்கிறது. அந்த வேர்களுக்குள்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்குகின்றன. வெள்ளம் வரும்போது கரை அரித்துப் போகாமல் பிடித்து வைப்பதும் அவைதான். அதன்மேல் கல்லும் கொங்கிறீற்றும் கொட்டிவிட்டு ஓரத்தில் நாலு பூச்சட்டி வைத்தால் அதற்குச் 'சூழலுக்கு உகந்த பாதை' என்று பெயர்ப்பலகை போடுவார்கள். சட்டமும் சும்மா இல்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். முகத்துவாரம், பாலமீன்மடுப் பக்கங்களில் இதை மறந்து எவரும் மண்வெட்டியைத் தொட முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சைக்கிள், நடை, பொதுப் போக்குவரத்து என்று எவர் எங்களிடம் வந்தாலும் கையெழுத்துக் கேட்டுத்தான் வருகிறார்கள். வாவியின் ஓரிடத்தில் இரவோடிரவாக மண் கொட்டப்பட்டபோது நாங்கள் ஏழு பேர் மட்டும் மழையில் நின்று படம் எடுத்தோம். அந்த வழியால் சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கோபத்தில் சொல்லவில்லை. சேர்ந்து வேலை செய்வது என்றால் எங்கள் கடிதத்தில் நீங்களும் உங்கள் கடிதத்தில் நாங்களும் இருக்கவேண்டும். அதுவும் வேலை நாளில், வெயிலில்.

ரீ.ஓ. ஐயா எழுதிய மண் கணக்கு மட்டும் எனக்குப் புதிது. வடிகான் வாயில் பொலித்தீன் சிக்கியதைப் படம் எடுத்திருக்கிறோம், ஆனால் அந்தச் சேறு வீதி ஓரத்திலிருந்து வருகிறது என்று எங்களில் எவரும் யோசிக்கவில்லை. அதை வைத்து ஒரு கூட்டுக் கடிதம் எழுதலாம் என்றால் எங்கள் குழுவில் பேசத் தயார்.


பேரீச்சை_நிழல்:

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம். நான் காத்தான்குடி, பிரதான வீதியில் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் வீதி நடுவில் பேரீச்சை நட்டிருக்கிறார்கள். தூர இடங்களிலிருந்து வருகிறவர்கள் இறங்கி நின்று படம் எடுக்கிறார்கள். ஊருக்கு அது ஓர் அடையாளம், அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் சைக்கிளில் போகிறவன் என்ற முறையில் சொன்னால், அந்த மரங்களின் நிழல் விழுவது காரின் கூரையில். ஓரத்தில் மிதிக்கிறவன் தலையில் ஒரு சொட்டு நிழலும் விழாது. மரம் நடுவது என்று பேசும்போது எங்கே நடுவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரீச்சர், நீங்கள் தனிப் பாதை கேட்டு அது கிடைத்தாலும் எங்கள் பக்கத்தில் அதில் முதல் நாளே வாகனம் தரிக்கும். நானே தரிப்பேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சரக்கு லொறிக்கு வேறு இடம் இல்லை. ஆகவே கடைக்காரர்களை விட்டுவிட்டுச் சூழல் அமைப்புகளுடன் மட்டும் பேசினால் பாதிப் பேச்சுத்தான் முடிந்திருக்கும். சரக்கு இறக்குவதைக் காலை 6.30 மணிக்கு முன் முடித்துக்கொள்வது எங்களில் பலருக்குச் சிரமமில்லை. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் நேரம் 6.45 தொடக்கம் 7.30 வரைதானே. வர்த்தகர் சங்கத்தில் கேட்டால் முடியும், யாரும் கேட்கவில்லை.


கல்லடி_ரீச்சர்:

நானா, இந்த இழையில் இதுவரை கிடைத்த மிகப் பயனுள்ள வரி உங்கள் '6.30 மணிக்கு முன்' தான். நன்றி. நாங்கள் கடைக்காரர்களை எதிர்த்தரப்பாகவே நினைத்து வைத்திருந்தோம்.


வயற்கரையான்:

நான் அம்பாறை மாவட்டம், திருக்கோவில் பக்கம். அதே ஏ4 தான் எங்கள் ஊருக்குள்ளும் வருகிறது, ஆகவே பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நகரத்தாருக்குத் தார் விளிம்பு என்றால் எங்களுக்கு நெல்லும் மாடும்.

பெரும்போக அறுவடை முடிந்த நாட்களில் வந்து பாருங்கள். காபெட் வீதியின் இடப்பக்கப் பாதி முழுவதும் நெல் காயும். நெல்லை மிதிக்காமல் இருக்கச் சுற்றிவரக் கல்லும் மரக்கட்டையும் வைப்பார்கள். மாலையில் நெல்லைக் கூட்டி மூடையில் கட்டிக்கொண்டு போவார்கள். கல் மட்டும் அங்கேயே கிடக்கும். இரவில் அந்தக் கல்லில் ஏறித் தலைகீழாகப் போனவர்களில் நானும் ஒருவன். அதற்காக விவசாயியைத் திட்ட முடியவில்லை. ஈர நெல்லுக்கு ஆலைக்காரன் விலை குறைப்பான். உலரவைக்கக் களம் இல்லாதவனுக்கு வீதியைவிடச் சூடான தளம் வேறு எங்கே இருக்கிறது? எங்கள் கோரிக்கை வீதியில் நெல் போடாதே என்பதாக இருந்தால் எவரும் கேட்கமாட்டார்கள். கமநல சேவை நிலையத்தோடு பேசி ஊருக்கு ஓர் உலர்த்தும் களம் கேட்பதும் சைக்கிள்காரனின் கோரிக்கைதான்.

மாட்டுக் கதை எல்லோருக்கும் தெரியும். கட்டாக்காலி மாடுகள் இரவில் வீதியில்தான் படுக்கும், ஏனென்றால் தார் சூடாக இருக்கும், நுளம்பும் குறைவு. கறுத்த மாடு, கறுத்த தார், லைற் இல்லாத சைக்கிள். கண்டற்கரை அண்ணன் கோபிக்கக்கூடாது: பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்திக் தின்று செத்த செய்தி 2022 இல் உலகம் முழுக்கப் போனது, போகத்தான் வேண்டும். அதே பொலித்தீனைச் சந்தையடியில் தின்றுவிட்டு வீதியில் படுத்திருக்கும் மாட்டைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. குப்பையைச் சந்தையிலேயே மூடிவைத்தால் மாடு வீதிக்கு வருவது கொஞ்சமாவது குறையும். இது உங்கள் வேலையும் எங்கள் வேலையும் சந்திக்கிற இடம் இல்லையா?


கண்டற்கரை:

தம்பி, கோபமில்லை. குறித்துக்கொண்டேன்.


புளியந்தீவான்:

சரி, வாவிக்கரைப் பாதையை விட்டுவிடுகிறேன். கண்டல் நிற்காத, ஏற்கெனவே வீதி இருக்கிற துண்டுகளில் மட்டும் பெயர்ப்பலகையும் விளக்கும் கேட்கலாம் என்று திருத்திக்கொள்கிறேன். இன்னொரு யோசனை. ஜூன் மாதம் 3 ஆம் திகதி உலக சைக்கிள் தினம். 2018 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்தது. 5 ஆம் திகதி உலக சுற்றாடல் தினம். இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு நாள். இரண்டு தரப்பும் சேர்ந்து பழைய கல்லடிப் பாலத்திலிருந்து காந்திப் பூங்காவரை சைக்கிள் பேரணி போய், வழிநெடுக ஐந்நூறு மரக்கன்று நட்டால் பத்திரிகையிலும் வரும், பாடசாலைச் சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள்.


நாற்றுமேடை:

நான் எழுதுவது குறைவு, ஆனால் இதைப் பார்த்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. மரக்கன்று வளர்த்து விற்பது என் தொழில். ஆண்டுதோறும் ஜூன் 5 க்கு முந்திய வாரம்தான் எனக்கு வியாபாரம் அதிகம். ஆவணி பிறக்குமுன் அவற்றில் பெரும்பாலானவை காய்ந்து குச்சியாக நிற்பதை நானே போய்ப் பார்த்திருக்கிறேன். உலக தினங்களைக் குறித்தவர்கள் மட்டக்களப்பின் மழையைப் பார்த்துக் குறிக்கவில்லை. எங்களுக்கு மழை வருவது ஐப்பசி தொடக்கம் தை வரை. ஜூனில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். அந்தக் காற்றில் நட்ட கன்றுக்கு நாளுக்கு இரண்டு தடவை தண்ணீர் விட்டாலும் இலை சுருளும். பேரணியை ஜூனில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தை ஒக்டோபர் கடைசியில் நடுங்கள். முதல் மழை விழுந்து மண் ஒரு சாண் நனைந்தபின் நட்டால், அடுத்த கச்சானுக்குள் வேர் கொஞ்சமாவது இறங்கியிருக்கும்.

என்ன மரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிழலுக்காக வாகையைக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். அது விரைவில் குடைபோல விரியும். ஆனால் வேர் தாரைத் தூக்கும், கொப்பு முறிந்து விழும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்டவர்களிடம் கேளுங்கள், என்ன மரம் விழுந்தது, எது நின்றது என்று ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். வேம்பு, புங்கு, நாவல் பரவாயில்லை. உவர் ஏறிய மண்ணுக்குப் பூவரசைவிட நல்லது என்னிடம் இல்லை. கன்றை வைத்துவிட்டுக் கிடுகால் ஒரு கூடு கட்டுங்கள்; இல்லாவிட்டால் மாலைக்குள் ஆடு முடித்துவிடும்.


ஓய்வுபெற்ற_ரீஓ:

நாற்றுமேடை சொன்னதற்கு மேல் மரத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் சமாதானமாகிவிட்டதுபோலத் தெரிகிறது. உண்மையான சண்டை இனித்தான் வருகிறது.

எங்கள் வீதிகளில் தார் விளிம்புக்கும் வடிகானுக்கும் இடையில் பல இடங்களில் மூன்று அடிதான் இருக்கும். சைக்கிளுக்கென்று கோடு போட்டு ஒதுக்கும் பாதைக்கு ஒன்றரை மீற்றர் அகலம் வேண்டும் என்பது பொதுவான அளவு. அதாவது ஏறத்தாழ ஐந்து அடி. இருக்கிற மூன்று அடியில் பிள்ளை ஒதுங்கவும் வேண்டும், நடப்பவர் நடக்கவும் வேண்டும், மின்கம்பம் அங்கேதான் நிற்கிறது, பெயர்ப்பலகையும் அங்கேதான். அதில் மரமும் நட்டால் சைக்கிளைத் தாருக்குத் தள்ளுவது மரம்தான். இருபது ஆண்டு கழித்து வீதியை அகலிக்கும்போது அதே மரத்தை வெட்டுவார்கள், அப்போது சூழல் அமைப்பு ஒரு பக்கமும் சைக்கிள்காரர்கள் மறுபக்கமும் நிற்பீர்கள். இதை இப்போதே பேசி முடிக்காவிட்டால் கூட்டுக் கடிதத்தின் மை காயுமுன் கூட்டு முறிந்துவிடும்.

இளமையில் நாங்கள் ஓட்டிய காலம் நினைவுக்கு வருகிறது. 1924 இல் திறந்த லேடி மானிங் பாலத்தில், அதாவது பழைய கல்லடிப் பாலத்தில், ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள்தான் போகலாம். மற்றப் பக்கத்தார் காத்திருப்பார்கள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டவேண்டும். அந்தத் தடைகள் எல்லாம் போய், 2013 இல் புதிய பாலம் திறந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். வேகமும் அதோடு வந்தது. பழைய பாலம் இப்போது கால்நடையாகப் போகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஆறுதலான இடம். ஆனால் அதிலிருந்து இறங்கியவுடன் மறுபடி அதே மூன்று அடி.


கல்லடி_ரீச்சர்:

ஐயா, இரண்டு நாள் இதை யோசித்தேன். நேற்று பாடசாலை விட்டு 1.30 மணிக்கு வரும்போது வேண்டுமென்றே மெதுவாக மிதித்து, எங்கே நிழல் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். வழியில் எனக்கு நிழல் தந்தவை மூன்றே மரங்கள். ஒன்று கோயில் மதிலுக்குள் நிற்கும் வேம்பு, ஒன்று ஒரு வீட்டு மாமரம், ஒன்று தேவாலய வளவு வாகை. மூன்றும் வடிகானுக்கு அப்பால், மதிலுக்கு உள்ளே நின்றுகொண்டு கொப்பை மட்டும் வீதிக்கு நீட்டுகின்றன. வீதி ஓரத்தில் நட்ட மரம் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் அந்த மூன்று அடியைச் சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டுவிட்டு, மரத்தை மதிலுக்குள் கேட்டால் என்ன? கல்முனை வீதியில் பாடசாலைகள், கோயில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், அரச அலுவலகங்கள் என்று நீண்ட மதில்கள் உடைய வளவுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் மரம் நட வீதி அதிகாரிகளின் அனுமதி வேண்டியதில்லை. அதிபரும் பரிபாலன சபையும் சம்மதித்தால் போதும். தண்ணீர் விட ஆளும் அங்கே இருக்கும், ஆடும் வராது. வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காகப் போவதால் மேற்குப் பக்க வளவுகளில் நட்டால் பின்னேர வெயிலுக்கு நிழல் வீதியில் விழும்; ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் போகிறார்கள்.


பேரீச்சை_நிழல்:

ரீச்சர், நல்ல யோசனை. பள்ளிவாசல் நிருவாகத்தில் நான் பேசுகிறேன். ஆனால் ஒரு கேள்வி வரும், முன்கூட்டியே பதிலை வைத்திருங்கள்: இலை கூரைப் பீலியில் விழுந்து தண்ணீர் தேங்கினால் டெங்கு என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார், அபராதத்தை யார் கட்டுவது?


நாற்றுமேடை:

கட்டடத்திலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி, மதிலோடு நட்டால் பீலிப் பிரச்சினை குறையும். மின்கம்பி போகும் பக்கத்தில் புங்கை வையுங்கள். கொப்புகளை வெட்டி அடக்கி வளர்க்கலாம். இல்லாவிட்டால் கம்பிக்காரர் வந்து மொட்டையடித்துவிட்டுப் போவார்கள்.


சலித்தவன்:

எல்லாம் அழகாக இருக்கிறது. 2022 இல் எரிபொருள் வரிசையில் மூன்று நாள் கிடந்தவர்கள், கியூஆர் அட்டைக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சைக்கிளைத் தேடினார்கள். பழைய லுமாலா சைக்கிளுக்கும் விலை ஏறியது. அப்போதும் இப்படித்தான் பேசினோம், பெற்றோல் வந்தது, எல்லோரும் மறந்தோம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல்வரை கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வடிகான் மூடி இன்னும் இல்லை. எங்கள் ஒழுங்கை முனையில் மூடி உடைந்த இடத்தில் யாரோ ஒரு பூவரசங் கொப்பை நட்டு அதில் சிவப்பு பொலித்தீன் கட்டிவிட்டார்கள். அந்தக் கொப்பு துளிர்த்துவிட்டது. மரநடுகையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


ஓய்வுபெற்ற_ரீஓ:

தம்பி, சிரித்துவிட்டேன். ஆனால் அந்தத் துளிர்த்த கொப்பைப் படம் எடுத்து அனுப்புங்கள், திகதியோடு. கடிதத்தில் இணைக்கலாம். 'மூடி நீண்ட நாட்களாக இல்லை' என்று நூறு தடவை எழுதுவதைவிட அது நன்றாகப் பேசும்.

சலிப்புக்கு மருந்து என்னிடம் இல்லை. ஒரு நடைமுறை மட்டும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்ட தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் பதில் வராது, அது முறைப்பாடு. 'கல்லடிப் பாலத்திலிருந்து இன்ன கிலோமீற்றர் கல்வரை வீதி ஓரப் பராமரிப்பு இந்த ஆண்டின் வேலைத்திட்டத்தில் உள்ளதா, அந்தத் துண்டில் வீதி ஒதுக்கத்தின் அகலம் எவ்வளவு' என்று கேளுங்கள். பதில் கையில் வந்தபின் கூட்டுக் கடிதம் எழுதுங்கள். மாவட்டச் செயலகத்தில் நடக்கும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அந்தக் கடிதத்தை எடுத்துப் பேச ஓர் ஆள் கிடைத்தால், எல்லாத் திணைக்களத்தாரும் ஒரே மேசையில் இருக்கும்போது 'அது எங்களுடையது இல்லை' என்று சொல்வது கடினம்.


கண்டற்கரை:

எங்கள் குழுவில் பேசிவிட்டேன். கூட்டுக் கடிதத்திற்குச் சம்மதம், இரண்டு நிபந்தனைகளோடு. வாவிக்கரையில் புதிய கொங்கிறீற் பாதை எதையும் கேட்கவில்லை என்ற ஒரு வரி அதில் இருக்கவேண்டும். அடுத்த வடிகான் துப்புரவுக்குச் சைக்கிள் தரப்பிலிருந்து ஐந்து பேராவது வரவேண்டும். எங்களிடம் பதிவும் முத்திரையும் கடிதத்தாளும் இருக்கின்றன, ரீச்சர். அவற்றைப் பயன்படுத்துவதில் தடையில்லை.


புளியந்தீவான்:

நான் வருகிறேன். இன்னும் மூன்று பேரைக் கொண்டுவருகிறேன். ஐந்தாவது ஆளாகச் சலித்தவன் அண்ணனை எழுதிக்கொள்ளுங்கள்.


கல்லடி_ரீச்சர்:

வரைவிலிருந்து தனிப் பாதை என்ற முதற் கோரிக்கையை எடுத்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அதைக் கடைசிக்கு நகர்த்தியிருக்கிறேன். முன்னால் ஓர நிரப்பலும் வடிகான் மூடியும் நிற்கின்றன. கண்டற்கரை அண்ணனின் வரியை அப்படியே சேர்த்துக்கொண்டோம். வயற்கரையான் தம்பி, களம் பற்றிய பந்தியை நீங்களே எழுதி அனுப்புங்கள். திருக்கோவில் பக்கத்திற்குத் தனிக் கடிதம் போகட்டும், மாவட்டம் வேறு அல்லவா.

வருகிற சனிக்கிழமை காலை 6.30 மணிக்குப் பழைய பாலத்தின் கல்லடிப் பக்கத்தில் கூடுகிறோம். நூறு மீற்றருக்கு ஓர் இடம் என்று நின்று, தார் விளிம்பின் இறக்கத்தையும் வடிகான்வரையுள்ள அகலத்தையும் அளந்து எழுதவேண்டும். அடுத்த கிழமை பாடசாலை நாளொன்றில் 6.45 தொடக்கம் 7.30 வரை அதே இடங்களில் நின்று எத்தனை சைக்கிள் போகிறது என்று எண்ணவேண்டும், அதற்குச் சீ.ஆர். கொப்பி ஒன்றில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பிள்ளை, பெண், ஆண், சுமையோடு போகிறவர் என்று நாலு நிரல். என்னிடம் இருப்பது ஓர் அடி நீள அடிமட்டம் மட்டும். நீளமான அளவு நாடா யாரிடமாவது இருக்கிறதா?


ஓய்வுபெற்ற_ரீஓ:

முப்பது மீற்றர் நாடா என்னிடம் இருக்கிறது. முதல் அரை மீற்றர் அழிந்துபோய்விட்டது. ஒரு மீற்றர் குறியிலிருந்து பிடித்து, பிறகு கழித்துக்கொள்ளுங்கள்.